மைக் திறந்திருக்கும்போது இரையாத கொம்பியூட்டர்: தண்ணீரால் குளிரூட்டத் திட்டமிடுவது எப்படி

முள்ளியவளையில் எங்கள் வீட்டின் பின்னறைதான் என் ஒலிப்பதிவுக் கூடம். பத்தடிக்குப் பத்தடி. சுவரோடு பழைய தும்பு மெத்தைகளை நிமிர்த்திக் கட்டியிருக்கிறேன், மேலே சீற். கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு வீடியோக்களை எடிற் பண்ணுவது பிழைப்பு. அதே மேசையில், அதே கொம்பியூட்டரில், ஊரில் மிச்சமிருக்கிற அருவி வெட்டு (நெல் அறுவடை)ப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று கிடைப்பதையெல்லாம் பதிந்து வைக்கிறேன்.

ஒருநாள் எண்பது வயது கடந்த ஓர் ஆச்சி வந்து மைக்குக்கு முன்னால் இருந்தார். பாடத் தொடங்குமுன் தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டார். “உந்தப் பெட்டி ஏன் மோனை இப்பிடி இரையுது? உலை கொதிக்கிற மாதிரிக் கிடக்கு.”

“வேலை ஒண்டு ஓடுது ஆச்சி, நடுவில நிப்பாட்ட ஏலாது” என்றேன். பின்னேரம் கொடுக்க வேண்டிய கலியாண வீடியோ ஒன்று எக்ஸ்போட் ஆகிக்கொண்டிருந்தது.

ஆச்சி பாடிவிட்டுப் போனார். இரவு அந்தப் பதிவை எடுத்து இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டேன். இரைச்சல் போனது. கூடவே, ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஆச்சி குரலை இறக்கி இறக்கி வெறும் மூச்சாக விடுகிற இடமும் போனது. அந்த மூச்சு இல்லாமல் அது அந்தப் பாட்டே இல்லை. இரைச்சலைப் பிறகு கழுவி எடுக்கலாம் என்ற எண்ணத்தை அன்றோடு விட்டேன். மைக்குக்குள் போகாமலே தடுக்க வேண்டும்.

அதற்குத்தான் தண்ணீர்க் குளிரூட்டலுக்கு வந்தேன். திட்டம் போட மூன்று மாதம், பூட்ட இரண்டு நாள். இந்தக் கணக்கு சரியான கணக்கு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வன்னிச் சூட்டில், புழுதியில், கரண்டில் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்காக அந்த மூன்று மாதத்தில் பார்த்ததை எழுதுகிறேன்.

இரைச்சல் எங்கே இருந்து வருகிறது

ஒரு சதமும் செலவழிக்க முதல் மைக்கையே காதாக்குங்கள். பாடுகிறவர் இருக்கும் கதிரையில் மைக்கை வையுங்கள், ஒலியளவுத் திருகியைத் தொடாதீர்கள், கொம்பியூட்டரின் இரைச்சலை மட்டும் அரை நிமிடம் பதியுங்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக நிறுத்தி நிறுத்தி அதே அரை நிமிடத்தைத் திரும்பவும் பதியுங்கள். மழை நாளில் செய்ய வேண்டாம், தவளைகள் விடாது.

என் பதிவை அலைவரிசைப் படமாக விரித்துப் பார்த்தபோது 120 ஹேர்ட்ஸில் நேர்கோடு போட்டது மாதிரி ஒரு கீறு கிடந்தது. அது விசிறி இல்லை, ஹாட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 தரம் சுற்றுகிற தட்டு செக்கனுக்கு 120 தரம் சுற்றும். அந்த அதிர்வைக் கேசிங்கின் தகரம் வாங்கி அறைக்குக் கொடுக்கும். எத்தனை லீற்றர் தண்ணீர் ஓடவிட்டாலும் இது போகாது. இரண்டு ஹாட் டிஸ்க்கையும் கழற்றி வெளிப்பெட்டியில் போட்டேன். வேலை செய்கிற கோப்புகளெல்லாம் சுற்றுகிற தட்டே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறின. அடுத்தது பவர் சப்ளையின் சின்ன விசிறி. தேவையைவிடப் பெரிய அளவில், சுமை குறைந்தால் விசிறி தானாக நிற்கிற வகை ஒன்றைப் போட்டதும் அதுவும் அடங்கியது.

இந்த இரண்டு மாற்றத்துக்குப் பிறகு உங்கள் பதிவு சுத்தமாக இருந்தால் இதோடு நிறுத்துங்கள். பதிகிற நேரத்தில் கொம்பியூட்டர் வேறு பாரமான வேலை செய்யாது என்றால் ஒரு பெரிய காற்றுக் கூலரும் இரண்டு மெதுவான விசிறிகளும் போதும். காசும் மிச்சம், கவலையும் இல்லை. அடுத்த அறை சும்மா கிடந்தால் சுவரில் ஓட்டை போட்டுப் பெட்டியை அங்கே வைப்பது இன்னும் மலிவு. யூஎஸ்பி வயர் 5 மீற்றரைத் தாண்டாமல் பார்த்தால் சரி. எங்கள் வீட்டில் அடுத்த அறை பிள்ளைகளின் படுக்கையறை. எனக்கு எக்ஸ்போட்டும் ஓட வேண்டும், மைக்கும் திறந்திருக்க வேண்டும். அதனால்தான் தண்ணீர்.

கொப்பியில் போட வேண்டிய கணக்கு

தண்ணீர் சூட்டை இல்லாமல் ஆக்காது, இடம் மாற்றும், அவ்வளவுதான். உழவு மெசின் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. என்ஜினில் இருந்து சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் றேடியேற்றரில் காற்றுக்குக் கொடுக்கிறது. பிறகு ஏன் சத்தம் குறைகிறது? காற்றுக்குச் சூட்டைக் கொடுக்கும் பரப்பு பல மடங்கு பெரிதாகிவிடுகிறது, அதனால் விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும். ஒரு விசிறியை நிமிடத்துக்கு 1400 சுற்றில் இருந்து 700க்கு இறக்கினால் அதன் சத்தம் கிட்டத்தட்ட 15 டெசிபல் குறையும். அதே மாதிரி விசிறிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். இந்த இரண்டு எண்களையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நிறைய விசிறி, மெதுவான விசிறி: வாங்குவதெல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்தது எவ்வளவு சூடு என்று பார்க்க வேண்டும். என்னிடம் இருந்தது பி450 மதர்போட்டில் றைசன் 5 3600 சிப். மதர்போட்டையும் றாமையும் மாற்றாமல் றைசன் 7 5700எக்ஸ் போட்டேன். அது முழு வேலையிலும் 76 வாற்றுக்கு மேல் இழுக்காது. எட்டுக் கோர்களுக்கு அது குறைவு. (இதே வழியில் போகிறவர்கள் பழைய சிப் இருக்கும்போதே மதர்போட்டின் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள். புதுப்பிக்காமல் சிப்பை மாற்றினால் திரை எழும்பாது.) கிராபிக்ஸ் காட் ஆர்டிஎக்ஸ் 3070, கம்பனிக் கணக்கில் 220 வாற். அதை மென்பொருளால் 165 வாற்றுக்குக் கட்டிப்போட்டேன். என் எக்ஸ்போட்டுகளில் நேரம் கொஞ்சம்தான் கூடியது, சூடு கால்வாசி குறைந்தது. அமைதிக்கு இதைவிட மலிவான வழி நான் காணவில்லை. ஆக மொத்தம் 240 வாற் அளவில் தண்ணீருக்குள் போகும்.

றேடியேற்றரில் ஒரு 120 மில்லிமீற்றர் விசிறிக்கான பரப்புக்கு 100 வாற் என்று பலரும் கணக்குப் போடுவார்கள். அது விசிறி வேகமாக ஓடினால் சரிவரும் கணக்கு. அமைதி வேண்டுமென்றால் அதில் பாதியை எடுங்கள்: 240ஐ 50ஆல் வகுத்தால் ஐந்துக்குக் கிட்ட வரும். மூன்று விசிறி பிடிக்கிற 360 மில்லிமீற்றர் றேடியேற்றர் ஒன்று மேலே, இரண்டு பிடிக்கிற 240 மில்லிமீற்றர் ஒன்று முன்னால்.

இவை உங்கள் கேசிங்குக்குள் நிற்குமா என்பதை விற்பவரின் அட்டவணையை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் மாப்பெட்டி அட்டையை 40 சென்ரிமீற்றர் நீளம், 12 அகலம் என்று வெட்டி, றேடியேற்றரும் விசிறியும் சேர்ந்து வருகிற ஐந்தரை சென்ரிமீற்றர் தடிப்புக்கு அடுக்கி ஒட்டி, கேசிங்கின் மேற்பக்கத்தில் கட்டிப் பார்த்தேன். றாமின் தலையில் முட்டியது. அட்டை முட்டியதால் நட்டமில்லை. வேறு கேசிங்குக்கு மாறினேன். கிராபிக்ஸ் காட்டுக்கும் இப்படித்தான். பெயர் ஒன்றாக இருந்தாலும் கம்பனிக்குக் கம்பனி உள்ளே பலகை வேறு. அந்தந்தப் பலகைக்கென்று செய்த புளொக் (சிப்பின் மேல் பூட்டுகிற, உள்ளே தண்ணீர் ஓடுகிற உலோகக் கட்டி) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காட்டை வாங்குங்கள். காட்டை வாங்கிவிட்டுப் புளொக் தேடினால் அலைச்சல். கழற்றுகிற பழைய விசிறிக் கூட்டையும் அதன் ஆணிகளையும் ஒரு போத்தலில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

பம்பைப் பற்றி நிறையக் கவலைப்படுவார்கள். தேவையில்லை. நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓடினால், 240 வாற்றையும் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது தண்ணீர் உள்ளே போனதைவிட ஒரு பாகை சொச்சம்தான் சூடாயிருக்கும். அதனால் எந்தப் பாகத்துக்குப் பிறகு எந்தப் பாகம் என்ற ஒழுங்கும் முக்கியமில்லை; ரியூப் சுருக்கமாக வருகிற வழியே நல்ல வழி. தொட்டி மட்டும் பம்புக்கு மேலே இருக்க வேண்டும். பம்ப் ஒரு செக்கனும் வறண்டு ஓடக்கூடாது. நான் போட்டது டி5 வகை. முழு வேகத்தில் விட்டால் முனகும், பாதிக்குக் கீழே இறக்கினால் கேட்காது. அடியில் தடித்த றப்பர் நுரை ஒரு துண்டு வைத்தேன். பம்பின் அதிர்வு தகரத்துக்குப் போகாமல் இருப்பதுதான் பாதி வேலை.

34 பாகை அறை

குளிர்நாட்டுக்காரர் எழுதிய விசிறி அளவுகளை அப்படியே எடுத்துப் போட்டால் இங்கே சரிவராது. அவர்களுக்கு அறை 20 பாகை; தண்ணீர் 30ஐத் தொட்டதும் விசிறி வேகமெடுக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். ஆனி ஆடியில் கதவைச் சாத்திய என் அறை கொம்பியூட்டர் போடமுதலே 34. அறையின் சூட்டுக்குக் கீழே தண்ணீர் ஒருபோதும் இறங்காது. அந்த அளவுகளோடு ஓடவிட்டால் விசிறிகள் காலை தொடங்கி இரவு வரை முழு வேகத்தில் கத்தும்.

அதனால் தண்ணீரின் சூட்டை அளக்கிற சென்சர் ஒன்றைத் தண்ணீர் ஓடுகிற வட்டத்துக்குள் பூட்டுங்கள். விசிறிகள் அந்தச் சென்சரின் சொல்லைக் கேட்கட்டும், சிப்பின் சூட்டைக் கேட்க வேண்டாம். சிப் ஒரு செக்கனில் 20 பாகை ஏறி இறங்கும். அதைப் பார்த்து ஓடுகிற விசிறி மூச்சிரைப்பது போலக் கூடிக் குறையும். ஒரே அளவு இரைச்சலைவிட அந்த ஏற்ற இறக்கம்தான் பதிவைக் கெடுக்கிறது. தண்ணீர் பொறுமையானது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 240 வாற் கொடுத்தால், றேடியேற்றரே இல்லாவிட்டாலும் ஒரு பாகை ஏற 17 செக்கன் எடுக்கும். என் அளவுகள் இவை: தண்ணீர் 38 பாகை வரை 450 சுற்று, 42இல் 600, 46இல் 850, 50ஐத் தாண்டினால் முழு வேகம், 55இல் கொம்பியூட்டர் தானாக அணைய வேண்டும். டி5 பம்புக்குச் சொல்லியிருக்கிற எல்லை 60. சென்சரைச் செருகும் இடம் உங்கள் மதர்போட்டில் இல்லாவிட்டால் அதற்கென்று தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கலாம். என்னுடையதில் இருக்கவில்லை, வாங்கினேன்.

மருமகன் தொட்டியைச் சுற்றி ஐஸ் வைத்தால் என்ன என்று கேட்டான். நல்ல கேள்வி. ஐஸ் போத்தலை வெளியே வைத்தால் அதன் மேல் வியர்க்கிறதே, அந்த வியர்வை மதர்போட்டுக்கு மேல் துளிக்கும். தண்ணீர் அறைச் சூட்டில் நிற்கும்வரை அந்தப் பயம் இல்லை.

உலோகமும் தண்ணீரும்

இதில் நான் பட்டுத் தெளிந்தது உண்டு. முதல் தடவை ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த றேடியேற்றரை வாங்கினேன். என்ன உலோகம் என்று கேட்கவில்லை. புளொக் இரண்டும் செம்பு. ஏழு மாதம் கழித்துப் பம்பின் சத்தம் மாறியது. திறந்து பார்த்தால் புளொக்கின் மயிர் போன்ற சால்களுக்குள் வெள்ளையும் பச்சையுமாக ஈரச் சுண்ணாம்பு மாதிரி ஒரு களி. பல்லுக் குத்தும் குச்சியால் சுரண்டினால் மணல் போல நறநறத்தது. றேடியேற்றர் அலுமினியம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் அது ஒரு பற்றரி மாதிரி வேலை செய்யும், அலுமினியம் தின்னப்படும். செம்பு, பித்தளை, நிக்கல் பூசியது, இவை மூன்றும் ஒன்றோடொன்று போகும். அலுமினியத்தை அவற்றோடு சேர்க்கவே கூடாது. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், வடித்து ஆறவைத்ததும் வேண்டாம். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைத் தோலைப் பாருங்கள். கரைப் பக்கம் சவர் வேறு. பற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீர் கராஜ்களில் கிடைக்கும். அசிட் கலந்த போத்தலை மாறி எடுத்துவிடாமல் பார்த்து வாங்குங்கள். அதோடு கொம்பியூட்டருக்கென்று வருகிற செறிவான கூலன்ற்றைக் கலக்க வேண்டும். அரிப்பையும் பாசியையும் தடுக்கிற மருந்து அதில் இருக்கும். வாகனக் கூலன்ற் இதற்கு வேண்டாம். வெளிநாட்டில் இருந்து உறவினர் வருவதாயிருந்தால் செறிவான சின்னப் போத்தலாகச் சொல்லி விடுங்கள், பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாம். அவர்களிடமே மேலதிகமாக நான்கு பிற்றிங்குகளும் (ரியூப்பைப் பூட்டுகிற முனைகள்) ஒரு பிடி ஓ-றிங்கும் (அவற்றில் ஒழுகாமல் தடுக்கிற றப்பர் வளையம்) சொல்லுங்கள். ஒரு ஓ-றிங்குக்காக நாங்கள் கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டும்.

ரியூப்பில் அழகு பார்க்காதீர்கள். கண்ணாடி மாதிரியான மெல்லிய பிளாஸ்ரிக் குழாய்களில் ஒரு வகை 60 பாகைக்குக் கிட்டப் போனால் இளகும். எங்கள் சூட்டில் அந்த எல்லை தூரமில்லை. தெளிவான மெத்தென்ற ரியூப் நாள்போக மங்கும். ஈபிடிஎம் என்கிற கறுப்பு றப்பர் ரியூப் வெளிச்சத்தை உள்ளே விடாது, பாசி பிடிக்காது, பம்பின் அதிர்வையும் கொஞ்சம் விழுங்கும். உள்ளே 10, வெளியே 16 மில்லிமீற்றர். மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு ‘ரி’ பிற்றிங்கும் அடைப்பும் வைத்துத் தண்ணீரை இறக்க வழி விடுங்கள். இதை மறந்தவர் முதல் தடவை கழற்றும்போது பெட்டியையே கவிழ்க்க வேண்டியிருக்கும்.

கரண்ட்

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அப்படி இல்லை. ஆனால் திடீரென்று போய்த் திடீரென்று வருவது இருக்கிறது. பயோஸில் கரண்ட் திரும்பி வந்தால் அணைந்தே இருக்கும்படி வையுங்கள். ஆளில்லாத வீட்டில் பம்ப் தானாக ஓடத் தொடங்கக்கூடாது. யூபிஎஸ் வாங்கினால் சுத்தமான சைன் அலை தருவதாகப் பாருங்கள். நல்ல பவர் சப்ளைகள் சில, மலிவு யூபிஎஸ்ஸின் சதுர அலையில் மாறும்போது அணைந்துவிடும். யூபிஎஸ்ஸைப் பதிவறைக்கு வெளியே வையுங்கள். வோல்ற் ஏறி இறங்கும்போது உள்ளே றிலே ‘டிக்’ என்று அடிப்பது மைக்குக்குக் கேட்கும். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், எர்த் வயர் உண்மையாகவே மண்ணுக்குப் போகிறதா என்று வயறிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கப் போகின்றன. ஐப்பசியில் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுவதுதான் வழி.

ஊற்றிப் பார்க்கும் இரவு

புதிய றேடியேற்றருக்குள் ஈயம் பற்றவைத்த மருந்து மிச்சம் இருக்கும். சூடாக்கிய வடித்த நீரைப் பாதி ஊற்றி, குழந்தையைத் தாலாட்டுவது போல ஆட்டி, வெள்ளைத் துணி வழியாக ஊற்றுங்கள். துணியில் துகள் விழாதவரை திரும்பத் திரும்ப. ஓ-றிங்குக்கு ஒரு சொட்டு கூலன்ற் தடவி, பிற்றிங்கைக் கையால் இறுக்குங்கள். குறடு பிடித்தால் றப்பர் பிதுங்கும்.

பூட்டி முடிந்ததும் மதர்போட்டுக்கும் காட்டுக்கும் போகிற எல்லாக் கரண்ட் வயரையும் கழற்றிவிட்டுப் பம்புக்கு மட்டும் கொடுங்கள். பவர் சப்ளையைத் தனியாக எழுப்புவதற்கென்று 24 முள் சொருகிக்கு ஒரு சின்ன மூடி விற்கிறார்கள், அதைப் பாவியுங்கள். தொட்டியை நிரப்பி, பம்பை மூன்று செக்கன் போட்டு, தொட்டி வற்றுமுன் அணைத்து, திரும்ப நிரப்பி, இப்படியே. பெட்டியை முன்னால் பின்னால் சரித்தால் றேடியேற்றருக்குள் மாட்டிய காற்று களகளவென்று வெளியே வரும். ஒவ்வொரு பிற்றிங்குக்கும் கீழே ரிஷ்யூ ஒன்றை மடித்து வையுங்கள். பிறகு 24 மணித்தியாலம் ஓடட்டும்.

நான் அன்றிரவு அந்த அறையிலேயே பாய் போட்டுப் படுத்தேன். இரண்டு மணிக்கு ரோச் அடித்துப் பார்த்தபோது கிராபிக்ஸ் புளொக்கின் கீழ் ரிஷ்யூவில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு ஈரம். துடைத்து, பிற்றிங்கைக் கழற்றிப் பார்த்தேன். ஓ-றிங்கில் தும்பு ஒன்று ஒட்டியிருந்தது. சுவரில் கட்டிய மெத்தையின் தும்புதான். மாற்றிப் போட்டு, 24 மணித்தியாலத்தைத் திரும்ப முதலில் இருந்து எண்ணினேன். இந்த வேலையில் பாதியில் விட்ட இடத்தில் இருந்து எண்ணக்கூடாது.

பிறகு பார்க்க வேண்டியவை

கச்சான் காற்று தொடங்கினால் மண் எல்லாவற்றுக்குள்ளும் போகும். முன் றேடியேற்றருக்குக் காந்த வலை போட்டு, ஆனி தொடங்கி ஆவணி வரை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கழுவுகிறேன், மற்றக் காலத்தில் மாதம் ஒருக்கால். வலையில் புழுதி படிந்தால் முதலில் தண்ணீரின் சூடு ஏறும், பிறகுதான் விசிறிச் சத்தம். சென்சரின் எண்ணைப் பார்த்துப் பழகினால் முன்கூட்டியே பிடிக்கலாம். பல்லியும் எறும்பும் உள்ளே போகிற பின்பக்கத்து ஓட்டைகளைச் சன்னமான கம்பி வலையால் மூடுங்கள். எனக்கு ஒரு பவர் சப்ளை பல்லியால்தான் போனது.

வருஷத்துக்கு ஒருக்கால் தண்ணீரை முழுக்க இறக்கி மாற்றுகிறேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கிழமை எனக்கு அதற்கான நாள். அப்போது கலியாண ஓடர்கள் குறைவு, கச்சான் முழுப் பலத்தோடு அடிக்கத் தொடங்கவில்லை. இறக்கிய தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பேன். கலங்கியிருந்தால் புளொக்கைத் திறக்க வேண்டும், தெளிவாக இருந்தால் தேவையில்லை. போன தடவை தெளிவாக இருந்தது. அன்று பின்னேரமே திரும்ப நிரப்பி, ரிஷ்யூ வைத்து, பம்பைப் போட்டுவிட்டேன். அடுத்த நாள் ரிஷ்யூக்களை எடுத்துப் பார்த்து, எல்லாம் உலர்ந்திருந்த பிறகுதான் ஆச்சியைக் கூட்டிவர ஆட்டோ அனுப்பினேன்.